சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு தள்ளுது? ரீடிங் தப்பா வந்தா அறிகுறியை வச்சு பிடிக்கிற வழி

தண்டவாளத்துல ஸ்ட்ரெயின் கேஜ் (இரும்பு இழுபடுறதை மின்தடை மாற்றமா காட்டுற மெல்லிய சென்சார்) ஒட்டி, ஓடுற வண்டியோட ஒவ்வொரு சக்கரமும் கீழ எவ்வளவு அமுக்குது, பக்கவாட்டுல எவ்வளவு தள்ளுதுன்னு அளக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். செட்டப் போட்டு முதல் வண்டி போனதுமே ஸ்கிரீன்ல கிராஃப் வந்துரும், ஆனா அது நிஜமா பொய்யான்னு கிராஃபை பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பொய்யான ரீடிங்கை நம்பி நல்ல வேகனை கழட்டி நிறுத்துனா நேரமும் பணமும் போகும், நிஜமான ரீடிங்கை "அட சென்சார் கோளாறுப்பா"ன்னு ஒதுக்கி விட்டா அடுத்த வளைவுல வண்டி தடம் புரளலாம். ரெண்டாவதுதான் பயம்.

நான் சொல்றது எல்லாம் இந்தியன் ரயில்வே பிராட் கேஜ் கணக்கு. ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல 1676 மி.மீ. இடைவெளி, மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள ரெயில், பிஎஸ்சி (கான்கிரீட்) ஸ்லீப்பர் 60 செ.மீ.க்கு ஒண்ணு. ரெண்டு ஸ்லீப்பருக்கு நடுவுல இருக்கிற இடத்துல, ரெயிலோட வெப்ல (நடுவுல நிக்கிற செங்குத்துத் தகடு) நியூட்ரல் ஆக்சிஸ் மேல (ரெயில் வளையும்போது இழுபடாம இருக்கிற கோடு), அதாவது அடியில இருந்து சுமார் 81 மி.மீ. உயரத்துல, 45 டிகிரி சாய்ச்சு கேஜ் ஒட்டுறோம், 200 மி.மீ. தள்ளி இன்னொரு செட். சக்கரம் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கும்போது ரெண்டு இடத்தோட ஷியர் (வெட்டு விசை) வித்தியாசம்தான் வெர்டிகல் விசை. லேட்டரலுக்கு ரெயில் ஃபுட்டோட (அகலமான அடிப்பகுதி) மேல்பக்கம், உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனி பிரிட்ஜ் (கேஜுகளை நாலு கையா இணைச்ச சர்க்யூட்).

எந்த அறிகுறி வந்தாலும் முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. போற எல்லா சக்கரமும் ஒரே இடத்துல கோணலா காட்டுதா, இல்ல ஒரே சக்கரம் எல்லா இடத்துலயும் கோணலா காட்டுதா? எல்லா சக்கரமும் ஒரே இடத்துலன்னா குத்தம் உங்க சென்சார்ல இல்லாட்டி அந்த இடத்து டிராக்ல. ஒரே சக்கரம் எல்லா இடத்துலயும்னா குத்தம் வண்டியில. இதை பிரிக்காம கேபிளை கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தா கிடைச்ச பிளாக் டைம் (வண்டி விடாம லைனை நமக்கு தர்ற நேரம்) பூரா வீணாப் போயிடும்.

வண்டியே இல்ல, ஆனா ஜீரோ நகர்ந்துக்கிட்டே இருக்கு

காலையில இருந்து மெதுவா ஒரே பக்கமா ஏறி, சாயங்காலம் இறங்குதுன்னா அது வெயில். ஃபுல் பிரிட்ஜ் போட்டா டெம்பரேச்சர் கேன்சல் ஆயிடும்னு சொல்லுவாங்க, அது நாலு கேஜும் ஒரே சூட்டுல இருந்தாதான். ரெயிலோட ஒரு பக்கம் வெயில், இன்னொரு பக்கம் நிழல்னா கேன்சல் ஆகாது. இதுக்கு பெருசா வைத்தியம் தேவையில்ல, ஒவ்வொரு வண்டி வர்றதுக்கு முன்னாடியும் ஒரு சில செகண்ட் டேட்டாவை ஜீரோன்னு எடுத்துக்கிட்டு கழிச்சுருங்க, வண்டி போறதுக்குள்ள வெயில் ஒண்ணும் மாறிடாது.

குதிச்சு குதிச்சு நகருதுன்னா, குறிப்பா மழைக்கு அப்புறம், அது ஈரம். பிரிட்ஜை ஆம்ப்ளிஃபயர்ல இருந்து கழட்டிட்டு கேஜுக்கும் ரெயிலுக்கும் நடுவுல இன்சுலேஷன் பாருங்க. நல்லா ஒட்டுன கேஜ் ஆயிரம் மெகாஓமுக்கு மேல காட்டணும், சில பத்து மெகாஓமுக்கு வந்துட்டா அந்த கேஜ் போச்சுன்னு வச்சுக்கோங்க, காய வச்சு திரும்ப உயிர் கொடுக்க பாக்காதீங்க, அடுத்த மழையில திரும்ப காலை வாரும். சயனோஅக்ரிலேட் பசை ஒட்ட சுலபம், ஒரு சில நாள் டெஸ்ட்டுக்கு போதும், ஆனா நம்ம ஊர் ஈரத்துல மாசக்கணக்குல நிக்கணும்னா எபாக்ஸி இல்லாட்டி ஸ்பாட் வெல்டு பண்ற கேஜ்தான். மேல பியூட்டைல் ரப்பர் போட்டு மூடுறப்போ கேபிள் வெளிய வர்ற வாயை மறந்துடுறாங்க, தண்ணி உள்ள போறதே அந்த வழியாத்தான்.

கோடு தடியா இருக்கு, ஜூம் பண்ணா ஒரே அலை

அலையோட இடைவெளியை அளங்க. 20 மில்லி செகண்டுக்கு ஒரு அலைன்னா 50 ஹெர்ட்ஸ். 25 கேவி லைன்ல ரெயில் வெறும் இரும்பு இல்ல, லோகோ இழுக்குற கரண்ட் திரும்பி போற பாதையே அதுதான், நீங்க கேஜ் ஒட்டியிருக்கிறது அந்த கரண்ட் ஓடுற கம்பி மேல. லோகோ பக்கத்துல வரும்போது அலை பெருசாகுதுன்னா சந்தேகமே வேண்டாம். ஷீல்டை ஒரே முனையில மட்டும், ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க, ரெயில் பக்கம் ஷீல்டு எங்கயும் படக்கூடாது. லீட் வயரை முறுக்குனதா போடுங்க, 120 ஓம் கேஜுக்கு பதிலா 350 ஓம் போடுங்க, கேரியர் ஃப்ரீக்வென்சி ஆம்ப்ளிஃபயர் கிடைச்சா இன்னும் நிம்மதி. ஃபில்டர் போட்டு 50 ஹெர்ட்ஸை வெட்டிடலாம்னு மட்டும் கிளம்பாதீங்க, ஏன்னு அடுத்த அறிகுறியில புரியும்.

வெயிட் ஒத்து வரல

இதுக்குன்னு தனியா டெஸ்ட் வெயிட் தேடி அலைய வேண்டாம், தினமும் போற லோகோவே நமக்கு எடைக்கல். டபிள்யூஏபி-7 எலக்ட்ரிக் லோகோ மொத்தம் 123 டன், ஆறு ஆக்சில், ஆக்சிலுக்கு 20.5 டன், ஒரு சக்கரத்துக்கு 10.25 டன். ஒரு தனி சக்கரம் கொஞ்சம் முன்ன பின்ன காட்டும், அதை வச்சு சண்டை போடாதீங்க, பன்னெண்டு சக்கரத்தையும் கூட்டிப் பாருங்க, மெதுவா போன வண்டியில அந்த கூட்டு 123 டன் பக்கத்துல வந்தே ஆகணும்.

வரலைன்னா எப்படி வரலைங்கறதுதான் விஷயம். மெதுவா போறப்போ சரியா இருந்து வேகம் கூடக்கூட குறையுதுன்னா கேலிபரேஷன்ல தப்பில்ல, உங்க சாம்பிளிங் இல்லாட்டி ஃபில்டர். 100 கி.மீ. வேகத்துல சக்கரம் அந்த 200 மி.மீ.யை வெறும் 7 மில்லி செகண்டுல தாண்டிடும். செகண்டுக்கு 200 சாம்பிள் எடுத்தா அந்த நேரத்துல ஒண்ணோ ரெண்டோதான் விழும், 5000 எடுத்தா 36 விழும். நாய்ஸை அடக்கணும்னு 30 ஹெர்ட்ஸ்ல ஃபில்டர் போட்டு வச்சிருந்தீங்கன்னா அந்த 7 மில்லி செகண்ட் மேடு மழுங்கி பாதியாயிடும், கிராஃப் பார்க்க அழகா வழவழன்னு இருக்கும், நம்பர் பூரா பொய்.

எல்லா வேகத்துலயும் ஒரே அளவு குறைவா இருக்குன்னா ஷன்ட் கேலிபரேஷன் பண்ணுங்க. 350 ஓம் பிரிட்ஜ்ல ஒரு கேஜுக்கு குறுக்க 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வச்சா வோல்ட்டுக்கு 0.87 மில்லிவோல்ட் பக்கம் வரணும், ஒரு கைக்கு ரெண்டு கேஜ் சீரிஸ்ல இருந்தா கணக்கு மாறும், அதை போட்டுக்கோங்க. ஷன்ட் சரியா வருது, வெயிட் மட்டும் குறையுதுன்னா கம்ப்யூட்டரை மூடிட்டு லைனுக்கு இறங்கி குனிஞ்சு ரெயிலுக்கு அடியில பாருங்க. ரெண்டு கேஜ் செட்டுக்கும் நடுவுல பேலஸ்ட் கல்லு ரெயில் ஃபுட்டை தொட்டுக்கிட்டு இருக்கும். ஸ்லீப்பருக்கு அடியில கல்லை இறுக்கி பேக்கிங் பண்ணிட்டு போன கேங் கல்லை நல்லா நிறைச்சுட்டு போயிருப்பாங்க, அவங்க வேலை அது. ஆனா சக்கரத்தோட பாரத்துல ஒரு பங்கை அந்த கல்லு வாங்கிக்கும், அந்த பங்கு உங்க கணக்குல வராது. கையால ரெண்டு மூணு விரல் ஆழத்துக்கு கல்லை விலக்கி விட்டா அடுத்த வண்டியிலயே சரியாயிடும்.

ஒரு ரெயில்ல கூட, ஒரு ரெயில்ல குறைச்சல், கூட்டுனா சரிங்கறீங்களா? வளைவுல இருக்கீங்களா பாருங்க. மூணு டிகிரி வளைவு, அதாவது 583 மீட்டர் ரேடியஸ், அதுல 60 கி.மீ. வேகத்துக்கு சமமான கேன்ட் (வெளி ரெயிலை தூக்கி வைக்கிற உயரம்) 85 மி.மீ. வரும், அந்த இடத்துல வண்டி ஊர்ந்து போனா உள் ரெயில் மேல கிட்டத்தட்ட 10% பாரம் கூட விழும். கோளாறு இல்ல, நியாயமான ரீடிங்.

நேர் லைன்ல எல்லா சக்கரமும் லேட்டரல் காட்டுது

நேர் லைன்ல நல்ல சக்கரம் பக்கவாட்டுல பெருசா தள்ளாது. முன் ஆக்சில், பின் ஆக்சில், லோகோ, கோச்னு வித்தியாசமே இல்லாம எல்லாமே லேட்டரல் காட்டுது, அதுவும் பாரத்துக்கு தகுந்த மாதிரி கூடிக் குறையுதுன்னா, அது கிராஸ்டாக். வெர்டிகல் பாரம் லேட்டரல் பிரிட்ஜ்ல கசியுது. சக்கரம் ரெயில் தலையோட நட்ட நடுவுல உக்காராம உள்பக்கமா தள்ளி உக்காந்தா ரெயில் முறுக்குது, அந்த முறுக்கை ஃபுட் கேஜ் லேட்டரல்னு நினைச்சுக்குது.

ஜாக் வச்சுத்தான் இதை பிரிக்கணும். பாரம் ஏத்துன வேகனோட அண்டர்ஃப்ரேமுக்கும் ரெயிலுக்கும் நடுவுல ஹைட்ராலிக் ஜாக், கூடவே லோட் செல். ரெயில் தலை நடுவுல ஒரு தடவை, 10 மி.மீ. உள்ள தள்ளி ஒரு தடவை, வெளிய தள்ளி ஒரு தடவை அமுக்கி லேட்டரல் பிரிட்ஜ் எவ்வளவு காட்டுதுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல ஜாக்கை படுக்க வச்சு வெளிப்பக்கமா தள்ளி லேட்டரல் கேலிபரேஷன். இங்க ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்: அந்த ஜாக்கும் ராடும் இரும்பு, ரெண்டு ரெயிலையும் சேர்த்துச்சுன்னா டிராக் சர்க்யூட் ஷார்ட் ஆகி அந்த செக்ஷன்ல வண்டி நிக்கிற மாதிரி சிக்னல் சிவப்பு விழுந்துடும். முனையில இன்சுலேட் பண்ண பேக்கிங் கட்டாயம், சிக்னல் ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிட்டு, பிளாக் வாங்கிட்டு, லுக்அவுட் ஆள் நிறுத்திட்டுத்தான் ஜாக்கையே கையில எடுக்கணும்.

வளைவுல நிலைமை வேற. அங்க லேட்டரல் இருக்கணும், ஆனா எல்லா ஆக்சில்லயும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒவ்வொரு போகியிலயும் (வண்டிக்கு அடியில ஆக்சில்களை பிடிச்சிருக்கிற சட்டம்) முன் ஆக்சில் பெருசா காட்டணும், பின் ஆக்சில் கம்மியா காட்டணும், அதுதான் ஆரோக்கியமான கையெழுத்து. இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல: கூரான வளைவுல முன் ஆக்சிலோட உள் சக்கரத்துல லேட்டரலை வெர்டிகலால வகுத்தா வர்ற விகிதம் கிட்டத்தட்ட அந்த நேரத்து உராய்வு எண்தான். காஞ்ச ரெயில்ல 0.4, 0.5னு வரும், மழை பேஞ்சா இறங்கும். மழையிலயும் வெயில்லயும் அது அசையாம ஒரே நம்பர் காட்டுச்சுன்னா உங்க லேட்டரல் பிரிட்ஜை நம்பாதீங்க.

ஒரு சக்கரத்துல மட்டும் ஊசி மாதிரி ஒரு ஸ்பைக்

சக்கரத்துல ஃப்ளாட் (தேய்ஞ்சு தட்டையான இடம்) இருக்கலாம், நாய்ஸாவும் இருக்கலாம். ஒரே ஒரு பிரிட்ஜை வச்சு முடிவு பண்ணாதீங்க. கோச் சக்கரம் 915 மி.மீ. விட்டம், சுத்தளவு 2.87 மீட்டர், உங்க பிரிட்ஜ் பார்க்கிறது அதுல 200 மி.மீ. மட்டும். ஃப்ளாட் இருக்கிற சக்கரம் சரியா உங்க பிரிட்ஜ் மேல ஃப்ளாட்டை வைக்கிறதுக்கு வாய்ப்பு நூத்துக்கு ஏழுதான், மீதி தொண்ணூத்து மூணு தடவை நல்ல பிள்ளையா தாண்டிப் போயிடும். அதனால ஒரு இடத்துல ஸ்பைக் இல்லைங்கறதால சக்கரம் நல்லா இருக்குன்னு அர்த்தமே இல்ல. ஐஐடி கான்பூரும் ஆர்டிஎஸ்ஓவும் (ரயில்வேயோட ஆராய்ச்சி அமைப்பு) சேர்ந்து பண்ண, சக்கரம் அடிக்கிற அடியை கண்டுபிடிக்கிற வைல்டு சிஸ்டம் வரிசையா பல ஸ்லீப்பர் இடைவெளியில கேஜ் போடுறதுக்கு காரணமே இதுதான், சக்கரம் முழுசா ஒரு சுத்து சுத்துறதை பார்த்தாகணும்.

வரிசையா பிரிட்ஜ் இருந்தா வேலை சுலபம். ஒரு ஸ்பைக்குக்கும் அடுத்த ஸ்பைக்குக்கும் நடுவுல 2.87 மீட்டர் பக்கம் இருந்தா கோச் சக்கரத்துல ஃப்ளாட், வேகன் 1000 மி.மீ. சக்கரம்னா 3.14 மீட்டர், தேய்ஞ்ச சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் கம்மி. கணக்குல அடங்காத இடைவெளின்னா லூஸ் கனெக்டர். எல்லா சக்கரமும் ஒரே பிரிட்ஜ்ல ஸ்பைக் காட்டுச்சுன்னா பக்கத்துல வெல்டு ஜாயின்ட் பள்ளமாகி இருக்கான்னு ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு பாருங்க. கோச்சுக்கு ஃப்ளாட் 50 மி.மீ. வரைக்கும், வேகனுக்கு 60 மி.மீ. வரைக்கும்தான் அனுமதி. 50 மி.மீ. ஃப்ளாட்டோட ஆழம் கணக்கு பண்ணா 0.7 மி.மீ. கூட வராது, அவ்வளவு சின்ன பள்ளம்தான் ரெயிலையும் ஸ்லீப்பரையும் அந்த அடி அடிக்குது.

விகிதம் லிமிட்டை தாண்டுது

லேட்டரலை வெர்டிகலால வகுத்து வர்ற நம்பர்தான் ஃப்ளேஞ்ச் (சக்கரத்தோட உள்பக்க விளிம்பு) ரெயில் மேல ஏறுமா ஏறாதான்னு சொல்றது. நடால் ஃபார்முலா, நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் அதுதான் அடிப்படை. ஃப்ளேஞ்ச் கோணம் 70 டிகிரி, உராய்வு 0.3ன்னா லிமிட் 1.34. அதே கோணத்துல உராய்வு 0.5 ஆனா 0.95க்கு இறங்கிடும். கோணம் 60 ஆகி உராய்வும் 0.5ன்னா வெறும் 0.66. ஐரோப்பிய ஸ்டாண்டர்டு 0.8ங்குது, நம்ம ஆசிலேஷன் ட்ரையல்ல (வண்டியோட ஆட்டத்தை சோதிக்கிற ஓட்டம்) 1ஐ தாண்டி 1/20 செகண்டுக்கு மேல நிக்கக் கூடாது.

இங்க பெரிய குழி ஒண்ணு இருக்கு. 60 கி.மீ. வேகத்துல 1/20 செகண்ட்ங்கறது 83 செ.மீ. தூரம், உங்க பிரிட்ஜ் பார்க்கிறது 200 மி.மீ., அதாவது 12 மில்லி செகண்ட். அப்போ ஒரு இடத்து பிரிட்ஜ்ல 1.1 வந்தா "லிமிட் மீறிடுச்சு"ன்னும் சொல்ல முடியாது, 0.9 வந்தா "தப்பிச்சோம்"னும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த ஸ்லீப்பர் இடைவெளியில பிரிட்ஜ் போடணும், இல்லாட்டி மெஷரிங் வீல்னு சொல்ற, சக்கரத்துலயே கேஜ் ஒட்டுன செட்டை வண்டிக்கு அடியில மாட்டணும், அது போற வழி பூரா தொடர்ச்சியா சொல்லும்.

விகிதம் கூடும்போது ரெண்டு நம்பரையும் தனித்தனியா பாருங்க, விகிதத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துருவீங்க. லேட்டரல் பெருசாகி விகிதம் கூடியிருந்தா வளைவு, உராய்வு, போகி திரும்பாம மக்கர் பண்றது இதெல்லாம் பாருங்க. லேட்டரல் சாதாரணமா இருந்து வெர்டிகல் விழுந்திருந்தா அது சக்கரம் தூக்குறது. காலி வேகன்ல இதுதான் ஆபத்து, டிராக்ல ட்விஸ்ட் (ரெண்டு ரெயிலோட உயர வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறுறது) இருந்தா மூலைக்கு மூலை பாரம் மாறி ஒரு சக்கரம் லேசாயிடும். எல்லா காலி வேகனும் அதே இடத்துல லேசாச்சுன்னா கிராஸ் லெவலை அளங்க, ஒரு வேகன் மட்டும்னா அதோட ஸ்பிரிங்கையும் சைடு பேரரையும் (வேகன் உடம்பை ஓரத்துல தாங்குறது) பாருங்க. லேட்டரல் மட்டும் தனியா எவ்வளவு வரலாம்னா, அதுக்கு ப்ரூடோம் லிமிட் இருக்கு, நம்ம கணக்குல 0.85 பெருக்கல் (ஒண்ணு கூட்டல் ஆக்சில் லோடுல மூணுல ஒண்ணு). 22.9 டன் ஆக்சிலுக்கு 7.3 டன் வரும். இதை தாண்டுனா சக்கரம் ஏறுதோ இல்லையோ, டிராக்கே ஸ்லீப்பரோட சேர்ந்து நகரும்.

ஆங்கிள் ஆஃப் அட்டாக் எல்லாருக்கும் ஒரே பக்கம் சாய்ஞ்சு காட்டுது

ஆக்சில் ரெயிலுக்கு செங்குத்தா இல்லாம எவ்வளவு கோணலா போகுதுங்கறதை இடது ரெயில் சென்சாரும் வலது ரெயில் சென்சாரும் தொட்ட நேர வித்தியாசத்துல கண்டுபிடிப்பாங்க. எல்லா ஆக்சிலும் ஒரே பக்கம் 0.5, 0.6 மில்லிரேடியன் காட்டுதுன்னா உங்க ரெண்டு சென்சாரும் ஒண்ணுக்கொண்ணு எதிர்ல இல்ல, அவ்வளவுதான். ரெண்டு ரெயிலோட நடு தூரம் 1750 மி.மீ., அதுல ஒரு மில்லிமீட்டர் முன்ன பின்ன ஒட்டியிருந்தா 0.57 மில்லிரேடியன் தப்பு. நேர் லைன்ல நிறைய வண்டியோட சராசரியை எடுத்து அதை ஜீரோவா வச்சு கழிச்சுருங்க.

வேகத்துக்கு வேகம் சாய்வு மாறுதுன்னா எலக்ட்ரானிக்ஸ். 60 கி.மீ. வேகத்துல 1 மில்லிரேடியன்ங்கறது 0.1 மில்லி செகண்ட் வித்தியாசம். உங்க டேட்டா லாகர் சேனலை ஒண்ணு மாத்தி ஒண்ணா படிக்கிற டைப்னா அந்த நேரத்தை அதுவே முழுங்கிடும். எல்லா சேனலையும் ஒரே நேரத்துல பிடிக்கிற லாகர் வேணும்.

வளைவுல கோணம் வர்றது இயற்கை. 2 மீட்டர் வீல் பேஸ் உள்ள வேகன் போகி அஞ்சு டிகிரி வளைவுல, 350 மீட்டர் ரேடியஸ்ல, முன் ஆக்சில்ல 5.7 மில்லிரேடியன் பக்கம் காட்டும். அதே கோணம் நேர் லைன்ல ஒரு போகிக்கு மட்டும் வருதா? அந்த போகி முறுக்கிக்கிட்டு இருக்கு, சைடு ஃப்ரேம் ஸ்கொயரா இல்ல, ஷெட்டுக்கு அனுப்பி அளக்கச் சொல்லுங்க.

லேட்டரல் இடம் வலம்னு மாறி மாறி ஆடுது

இதுக்கு பேர் ஹன்டிங். க்ளிங்கல் 1883ல போட்ட கணக்குப்படி, ரெயில்ல உருளுற பக்கம் கூம்பு மாதிரி 1/20 சாய்வு உள்ள புது 915 மி.மீ. சக்கரம் 17.8 மீட்டருக்கு ஒரு தடவை ஆடும். தேய்ஞ்சு சாய்வு 0.2 ஆயிட்டா 8.9 மீட்டருக்கு ஒரு தடவை, 110 கி.மீ. வேகத்துல செகண்டுக்கு 3.4 ஆட்டம். உங்க கிராஃப்ல அந்த இடைவெளி வந்தா அது சக்கரம், ப்ரொஃபைல் கேஜ் வச்சு பார்த்துட்டு லேத்துக்கு அனுப்பணும். வண்டி மாறினாலும் ஆட்டம் அதே கிலோமீட்டர்ல ஆரம்பிக்குதுன்னா அலைன்மென்ட்டை வெர்சைன் எடுத்து (நூல் பிடிச்சு ரெயிலோட வளைவை அளந்து) பாருங்க.

ஆடவே இல்லாம ஒரு ஆக்சில் எப்பவும் ஒரே பக்கம் சாஞ்சு போகுது, அந்த பக்கத்து ஃப்ளேஞ்ச் மட்டும் தேயுதுன்னா ரெண்டு சக்கரத்தோட விட்டத்தையும் அளங்க. 1 மி.மீ. விட்ட வித்தியாசம் இருந்தா 1/20 சாய்வுல ஆக்சில் 5 மி.மீ. நகர்ந்துதான் சமன் ஆகும், சின்ன சக்கரத்து பக்கமா நகரும். பிராட் கேஜ்ல மொத்த ப்ளே (ஃப்ளேஞ்சுக்கும் ரெயிலுக்கும் உள்ள இடைவெளி) 19 மி.மீ., ஒரு பக்கத்துக்கு 9.5, அதுல பாதிக்கு மேல அங்கயே போயிடுது. லேத்துல திருப்பி வந்ததுக்கு அப்புறம் ஒரே ஆக்சில்ல 0.5 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுங்கற விதி இதுக்காகத்தான், அதனால டர்னிங் ஆன சக்கரத்தை மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே ஆள், ஒரே கேஜ் வச்சு அளந்து ரிஜிஸ்டர்ல எழுதிடுங்க.